இன்ஜின் மூடியில் விரிசலா? ஸ்கேனரும் உதவும்!

ஸ்கேனர் வாங்கிய பலர் சான்றிதழ், பழைய போட்டோ ஆகியவற்றை ஸ்கேன் செய்வதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், அப்பாவின் பழைய 100 சிசி பைக் கீழே விழும் வரை.

பிரேக் பெடல் உள்பக்கம் வளைந்து இடித்ததில், கிளட்ச் கவரில் 4 செ.மீ. நீளத்திற்கு விரிசல். ஆயில் கசிந்தது. அது பின் டயரில் பட்டால் வண்டி வழுக்கும். ஆயில் தீர்ந்தால் இன்ஜின் இறுகிவிடும். மாடல் பழையது என்பதால் புது கவர் கிடைக்கவில்லை. அப்பா வேலைக்குப் போவதோ அந்த வண்டியில்தான்.

முதலில் குழாய்க்குப் போடும் புட்டியை மேலாக அப்பினேன். இரண்டே நாளில் மறுபடியும் கசிவு. எண்ணெய்ப் பசை மேல் எதுவும் ஒட்டாது என்பது அப்போதுதான் புரிந்தது. பிறகு முறையாகச் செய்தேன்.

1. ஆயிலை வடித்துவிட்டு கவரைக் கழற்றுங்கள்.

2. விரிசல் எதுவரை போகிறது என்று பாருங்கள். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி தூவினால் விரிசல் கோடாகத் தெரியும்.

3. இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போடுங்கள். விரிசல் மேலும் ஓடாது.

4. விரிசல் நெடுக அரத்தால் 'வி' வடிவப் பள்ளம் எடுத்து, சுற்றிலும் உப்புத்தாளால் தேயுங்கள்.

5. திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல், அசிட்டோனால் இரண்டு மூன்று முறை துடையுங்கள்.

6. உலோகத்தூள் கலந்த எபாக்ஸியைப் பூசி, அட்டையில் குறிப்பிட்ட நேரம் வரை காயவிடுங்கள். ஆயிலையும் சூட்டையும் தாங்குமா என்பதை வாங்கும்போதே படித்துப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், கழற்றும்போது கேஸ்கெட் கிழிந்திருந்தது. அதுவும் கடையில் இல்லை. இங்கேதான் ஸ்கேனர் கைகொடுத்தது.

கண்ணாடி மேல் ஓஎச்பி ஷீட்டை விரித்து, கவரின் கேஸ்கெட் பொருந்தும் முகத்தைக் கீழ்நோக்கி மெதுவாக வையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வையுங்கள். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். பிரிண்ட் செய்யும்போது 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம். அது படத்தைச் சுருக்கிவிடும். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100% என்பதைத் தேர்வு செய்யுங்கள். அச்சான ஸ்கேலின் மீது நிஜ ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 10 செ.மீ. சரியாக 10 செ.மீ. இருந்தால் அளவு சரி. அந்தத் தாளைப் பழைய கேஸ்கெட்டின் அதே கனமுள்ள கேஸ்கெட் ஷீட்டில் ஒட்டி வெட்டினேன். போல்ட் துளைகள் எல்லாம் பொருந்தின.

ஓர் எச்சரிக்கை. இந்த முறை மூடிகளுக்கு மட்டும்தான். சிலிண்டர் ஹெட், பிளாக், கனெக்டிங் ராடு போன்றவற்றில் விரிசல் என்றால் எபாக்ஸியை நம்பாதீர்கள். ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறையில் காட்டிக் கேளுங்கள். மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள்.

தினமும் இரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை அப்பா வைக்கிறார். ஆறு மாதமாக அதில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை.