கடலைக் காணாத ஊரும் கடல் நீரோட்டமும்

நமது சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் குடியானவர் பலர் தம் ஆயுளில் ஒருமுறையேனும் கடலைக் கண்டிரார். சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் அரண்போல் நிற்க, கீழைக் கடலோ நூறு மைலுக்கும் அப்பால் கிடக்கின்றது. ஆயினும், அவர்தம் சோளமும் கம்பும் நிலக்கடலையும் விளைவதும் சாவியாய்ப் போவதும் பெரும்பாலும் கடலின் போக்கைப் பொறுத்தே உள்ளன. இஃது எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் ஓர் ஒப்புமையைக் காண்போம். சேலம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பதினொன்றரைப் பாகைக்குச் சற்று மேலே உள்ளது. தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் தலைநகராகிய லிமா, அக்கோட்டிற்குத் தெற்கே 12 பாகையில் உள்ளது. கதிரவன் இரண்டு ஊர்களின் மேலும் ஏறக்குறைய ஒப்பவே காய்கின்றான். லிமா கடற்கரையிலேயே அமைந்திருப்பதால் அங்கே மழை மிகுதியென்று நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. சேலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 அங்குலத்திற்குக் குறையாமல் மழை பெய்ய, லிமாவிலோ ஓர் அங்குலம் பெய்வதும் அரிது. ஆண்டின் பல மாதங்களில் மூடுபனி கவியுமேயன்றி, மழை பொழிவதில்லை.

இதன் காரணம் யாது? கடல்நீர் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. ஓயாது வீசும் காற்றுகள் அதனைத் தள்ளுகின்றன. பூமியின் சுழற்சி அதன் வழியை வளைக்கின்றது. கண்டங்களின் கரைகள் அதனைத் திருப்பிவிடுகின்றன. இவ்வாறு கடலுக்குள்ளேயே ஆறுகள்போல் ஓடுவனவே நீரோட்டங்கள். இவற்றுள் சில வெப்பநாட்டு நீரைக் குளிர்நாட்டிற்கும், சில குளிர்நாட்டு நீரை வெப்பநாட்டிற்கும் கொண்டு செல்கின்றன. பெருவின் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது. அதன்மேல் தங்கும் காற்றும் குளிர்ந்து கனத்து, மேலெழ மாட்டாமல் தாழ்ந்தே கிடக்கின்றது. ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்தாலன்றி மழை முகில் திரளாது. ஆகவே, கடலருகிருந்தும் அந்நாட்டுக் கரை பாலைவனமாயிற்று. இதற்கு நேர்மாறாக, அட்லாண்டிக் சமுத்திரத்தின் வெப்ப நீரோட்டம் வடக்கே சென்று, நார்வேயின் துறைமுகங்களைக் கடுங்குளிர் காலத்திலும் உறையாமற் காக்கின்றது.

நமது வங்காள விரிகுடாவின் நீரோ வெப்பமானது. வடகிழக்குப் பருவக்காற்று அதன்மேல் தவழ்ந்து ஈரத்தை முகந்து வருகின்றது. புயல்களும் அங்கேயே வலுப்பெறுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து கொணரும் மழையிலும் நமக்குப் பங்குண்டு. குடகு மலையில் அது பொழியும் மழையே காவிரியாகி மேட்டூர் அணையை நிரப்புகின்றது. எனவே நாம் ஒரு கடலையன்று, இரு கடல்களை நம்பி வாழ்பவர்.

இனி, தொலைவிலுள்ள பசிபிக் சமுத்திரத்தின் செய்தியைக் கேளுங்கள். சாதாரண ஆண்டுகளில் அங்கே கீழ்த்திசைக் காற்றுகள் வெப்பநீரை இந்தோனேசியத் தீவுகளின் பக்கம் ஒதுக்கி வைக்கின்றன. சில ஆண்டுகளில் அக்காற்றுகள் தளர, வெப்பநீர் கிழக்கே பெருவின் பக்கம் பெயர்கின்றது. கிறிஸ்து பிறந்த திருநாளை ஒட்டி இவ்வெப்பம் தோன்றக் கண்ட அந்நாட்டு மீனவர், குழந்தை இயேசுவைக் குறிக்கும் 'எல் நினோ' என்னும் பெயரை இதற்கு இட்டனர். வெப்பநீர் பெயரவே, காற்று மேலெழும் இடமும் அதனுடன் பெயர்கின்றது. இந்தியாவின்மேல் காற்று தாழ்ந்திறங்கி முகிலைத் தடுக்கின்றது. இத்தகைய ஆண்டுகள் பலவற்றில் தென்மேற்கு மழை குன்றியதுண்டு. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் சமுத்திரத்தின் மேலுள்ள காற்றழுத்தமும் இந்து மகா சமுத்திரத்தின் மேலுள்ளதும் தராசுத்தட்டுகள்போல் மாறிமாறி உயர்ந்து தாழ்வதை ஆராய்ந்து வெளியிட்டார். அது கடல்வெப்பத்தோடு பிணைந்ததென்பதை 1969-இல் பியர்க்னஸ் என்னும் அறிஞர் விளக்கினார்.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1876-இல் தென்னிந்தியாவில் மழை பொய்த்தது. 1877-இல் பசிபிக் சமுத்திரம் பெரிதும் வெப்பமுற்றிருக்க, பருவமழை மீண்டும் தவறிற்று. அதுவே நம் முன்னோர் நடுங்கி நினைவுகூர்ந்த தாது வருஷப் பஞ்சம். தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் தன்னுள் கொண்டிருந்த அந்நாளைய சேலம் ஜில்லாவில், 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-இலோ 16 இலட்சம் பேரே. மழை தவறியது இயற்கையின் செயல். ஆனால் ஊரில் மக்கள் பட்டினியால் மடிய, துறைமுகங்களில் தானியம் கப்பலேறியது இயற்கையின் செயலன்று.

இந்து மகா சமுத்திரத்திற்கும் இத்தகைய ஊசலாட்டம் உண்டு என்பது 1999-இல் தெளிவாயிற்று. ஒருகால் அதன் மேற்குப் பகுதியும், மற்றொருகால் சுமத்ரா பக்கத்துக் கிழக்குப் பகுதியும் மிகுந்து வெப்பமுறுகின்றன. 2016-இல் கிழக்கே வெப்பம் மிகுந்தது. பசிபிக் சமுத்திரமோ எல் நினோவுக்கு மாறாகக் குளிர்ந்திருந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாடு பெற்ற மழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சியுற்றதாக அரசு அறிவித்தது. எல் நினோ ஆண்டுகளிலோ நம் வடகிழக்கு மழை பெரும்பாலும் தவறுவதில்லை. ஆதலின், ஒரு பருவத்திற்குத் தீமை செய்வது மற்றொன்றிற்கு நன்மையாதலும் உண்டு. ஒரு குறியை மட்டும் கண்டு முடிவு கூறுதல் பிழையாம்.

இன்று கடலில் மிதக்கும் கருவிகளும் வானில் சுற்றும் துணைக்கோள்களும் கடல்நீரின் வெப்பத்தை அளந்து, பல திங்களுக்கு முன்னரே எச்சரிக்கை தருகின்றன. தாது வருஷத்தவர்க்கு இப்பேறு வாய்க்கவில்லை. நீரோட்டத்தைத் திருப்ப நம்மால் இயலாது. ஆயின் அது விடுக்கும் ஓலையைப் படித்து, ஏரியைத் தூர்வாரவும், கரையைச் செப்பனிடவும், குறைந்த நீரில் விளையும் பயிரைத் தேரவும், களஞ்சியத்தை நிரப்பவும் இயலும். கல்லூரியில் பூகோளம் பயிலும் மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், இவ்வோலையைத் தம் தந்தையர்க்கும் படித்துக் காட்டுவாராயின், கற்ற கல்வி அவ்வளவிற் பயனுடைத்தாகும்.