தொட்டிலில் தூங்கும் பிள்ளைக்குக் காது கேட்கிறதா?

ரயில் பாதையை ஒட்டிய குடியிருப்புகளில், மின்ரயில் தடதடத்துப் போகும்போதும் பிள்ளை தொட்டிலில் அயர்ந்து தூங்கினால், "பம்பாய்க்கு ஏற்ற பிள்ளை" என்று பாட்டிமார் மெச்சுவதுண்டு. பெரும்பாலும் அது சரிதான். ஓயாத ஓசை பழகிப் போகும். ஆனால் சில வீடுகளில் அந்த நல்ல தூக்கமே காது கேளாமையின் முதல் அறிகுறியாகிவிடுகிறது.

வயிற்றிலேயே தொடக்கம்

கருவுற்ற ஏழாம் மாதத்திலேயே சிசு ஓசைக்கு அசைந்து கொடுக்கிறது. பிறந்த சில நாட்களில் தாயின் குரலை இனம் காண்கிறது. உட்செவி பிறக்கும்போதே வளர்ந்திருக்கும். அதன் பிறகு வளர வேண்டியது மூளையின் கேட்கும் பகுதி. அதற்குத் தீனி பேச்சுதான்.

திடீர் ஓசைக்குத் திடுக்கிடும் குழந்தை, 3 மாதத்தில் பழகிய குரலுக்கு அழுகை அடங்கும். 6 மாதத்தில் ஓசை வந்த பக்கம் திரும்பும். 9 மாதத்தில் பெயர் சொன்னால் பார்க்கும். ஓராண்டில் ஓரிரு சொல் பேசும்.

இரண்டு 'கானா'

சாப்பாட்டுக்கும் 'கானா', பாட்டுக்கும் 'கானா' என்று வேலை தேடி வந்த பெரியவர்கள் இந்தியில் குழம்புகிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளையோ தெருவில் விளையாடியே இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. கனடாவில் வெர்க்கர், டீஸ் என்ற இரு அறிஞர்கள் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதம் வரை இந்தியின் 'ட', 'த' ஒலிகளைப் பிரித்தறிந்தன. ஓராண்டை நெருங்கியபோது அத்திறன் வெகுவாகக் குன்றியது. கேளாத ஒலியைக் காது கைவிட்டுவிடுகிறது.

ஆகவே, "வீட்டில் தமிழ், வெளியில் இந்தி, மராத்தி; அதனால்தான் பேச்சு வரவில்லை" என்று சமாதானம் சொல்வது தவறு. பல மொழி கேட்பதால் பிள்ளை ஊமையாவதில்லை.

ஏமாற்றும் அறிகுறிகள்

காது கேளாத பிள்ளையும் முதல் மாதங்களில் 'ங்கா' சொல்லும். தட்டு விழுந்தால் தரையின் அதிர்வை உணர்ந்து திரும்பவும் கூடும். எனவே கருவிச் சோதனையே உறுதி. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில், வலியின்றிச் சோதித்துவிடலாம். 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவர்கள் வகுத்த கணக்கு. பாந்திராவில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் செவிச் சோதனை வசதி உண்டு.

சொந்தத்தில் மணந்தவர்கள், குறைமாதத்தில் பிறந்த அல்லது கடும் மஞ்சள் காமாலை கண்ட குழந்தையைப் பெற்றவர்கள் இதைத் தள்ளிப் போடக் கூடாது. சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றவும் கூடாது.

"இவன் தாத்தாவும் நாலு வயதில்தான் பேசினார்" என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் பேச்சிலிருந்து கழிகிறது. சோதனைக்காக அரை நாள் சம்பளம் போனால் அடுத்த மாதம் ஈட்டிக்கொள்ளலாம்; போன வயது திரும்பி வராது.