ஐம்பத்தாறு டாலரின் பொருளாதாரம்

மாதக் கடைசியில் ஒரு வீடு எப்படித் தள்ளாடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளப் பொருளாதாரப் பாடநூலைப் புரட்டுவதைவிட ஒரு நல்ல நகைச்சுவைக் கதையைப் படிப்பது மேல். சிறு பண நெருக்கடியில் தொகையைவிடப் பெரிய விஷயங்கள் இரண்டு உண்டு: பணம் வரும் தேதி, அது இல்லாதபோது போகும் மரியாதை. ஆண்டு வருமானம், சராசரிச் செலவு என்று கூட்டி வகுக்கும் கணக்கில் இந்த இரண்டும் காணாமல் போய்விடுகின்றன. சில்லறைக் கணக்கை வைத்துச் சிரிக்க வைத்தவர்களின் எழுத்தில் அவை தங்கியிருக்கின்றன.

கனடாவின் ஸ்டீபன் லீகாக் இதற்கு நல்ல சாட்சி. மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த பேராசிரியர் அவர். 1910இல் வந்த அவருடைய நகைச்சுவைத் தொகுப்பில் 56 டாலரை வங்கியில் போடப் போகும் ஒருவனின் கதை இருக்கிறது. மேலாளரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டதும், ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்து உள்ளே அழைத்து உட்கார வைக்கிறார்கள். தொகை தெரிந்த நொடியில் மேலாளரின் குரல் மாறிவிடுகிறது. பதற்றத்தில் அவன் 6 டாலர் எடுப்பதற்குப் பதிலாக மொத்தம் 56 டாலருக்கும் காசோலை எழுதி, போட்ட பணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியேறுகிறான். அந்த 56 டாலர் அவனுக்கு ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அவ்வளவு பணம் கையில் இருந்தும் கவுன்டர் முன்னால் அவன் கூனிக் குறுகுகிறான். சிறு சேமிப்பாளர் வங்கிப் படியேறத் தயங்குவதற்கு அறியாமையே காரணம் என்று இன்றும் பேசுகிறோம். காரணம் கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலும் இருக்கிறது என்று ஒரு பொருளாதார ஆசிரியரே நூறாண்டுக்கு முன் எழுதி வைத்தார். அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட வடிவம் சிரிப்பு.

தேதியின் கதையை டிக்கன்ஸிடம் பார்க்கலாம். ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலின் மிக்காபர் சொல்லும் கணக்கு உலகப் புகழ் பெற்றது: வருமானம் 20 பவுன், செலவு அதற்கு ஆறு பென்ஸ் குறைந்தால் ஆனந்தம், ஆறு பென்ஸ் கூடினால் துயரம். இதைச் சிக்கனப் பாடமாக மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கைச் சொல்லும் மிக்காபர் கடனாளிச் சிறைக்குப் போனவர். கணக்கு தெரியாமல் அவர் சிறைக்குப் போகவில்லை. வருமானம் எப்போது வரும் என்று தெரியாமல், கடன்காரர் வரும் நாள் மட்டும் தெரிந்திருந்ததால் போனார். டிக்கன்ஸின் தந்தையே 1824இல் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைபட்டவர். அப்போது 12 வயதுப் பையனான டிக்கன்ஸ் பாலீஷ் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். நம் ஊரிலும் 1955இல் வந்த ‘முதல் தேதி’ படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் சம்பளக்காரரின் மாதத்தை முதல் இருபது நாள், கடைசிப் பத்து நாள் என்று பிரித்துப் பாடினார். தியேட்டரில் கேட்டவர்கள் சிரித்தார்கள் என்றால், அடுத்த ஒன்றாம் தேதி நிச்சயம் என்ற தெம்பு அவர்களுக்கு இருந்தது. கொத்தனாருக்கும் பூ விற்பவருக்கும் அந்த ஒன்றாம் தேதியே கிடையாது. இந்த வகைச் சிரிப்பின் எல்லையும் அதுதான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இல்லாமையை வைத்துச் சிரிப்பது கொடுமை இல்லையா என்று கேட்கலாம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஆர்.கே. நாராயண் 1952இல் எழுதிய நாவலில் மார்கய்யா, மால்குடியின் கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்து, கிராமத்தாருக்குக் கடன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிறார். அவருடைய கணக்கு நோட்டைச் சின்னப் பையன் சாக்கடையில் வீசிவிட, அந்தப் பிழைப்பே நின்றுபோகிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் விவசாயிகளுக்காகவே திறந்த வங்கியில் அவர்கள் நேராக நுழைய முடியாமல் மரத்தடிக்கு வரும்படி வைத்த ஏற்பாடுதான் அங்கே அம்பலப்படுகிறது. ஏமாந்த விவசாயியை நாராயண் ஓரிடத்திலும் கேலி செய்யவில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது: இப்படிச் சிரித்துச் சிரித்தே ஊதாரித்தனத்துக்கு இடம் கொடுக்கிறோம், ஏழைக்குத் தேவை சிக்கனப் பழக்கம் என்பது. இதற்குப் பதில் ஆய்வில் கிடைத்துவிட்டது. வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 250க்கும் மேற்பட்ட எளிய குடும்பங்களின் வரவு செலவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டு முழுக்கக் கேட்டுப் பதிந்த ஆய்வாளர்கள் 2009இல் அதை நூலாக வெளியிட்டார்கள். நான்கு வகைக்குக் குறைவான சேமிப்பு, கடன் வழிகளைக் கையாண்ட குடும்பம் ஒன்றுகூட அதில் இல்லை. நமக்குத் தெரிந்த பேச்சில் சொன்னால் சீட்டு, கைமாற்று, அடகு, மளிகைக்கடைப் பற்று, அடுக்களை டப்பாவில் ஒளித்த சிறுவாட்டுப் பணம். இவ்வளவையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்துப் புரட்டும் ஒருத்திக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க வருபவர், அவளிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. குறைந்த வருமானம் அவளுக்குப் பாதிப் பாரம். அது ஒழுங்கில்லாமல் வருவது மறுபாதி.

கைபேசியில் பணம் அனுப்பும் காலத்தில் இதெல்லாம் பழங்கதை என்று சிலர் சொல்லக்கூடும். 2016இல் யுபிஐ வந்த பிறகு டீக்கடையில் சில்லறைத் தகராறு குறைந்திருக்கிறது, உண்மை. தேதி மட்டும் அப்படியே நிற்கிறது. கணக்கில் போதிய பணம் இல்லாத நாளில் தவணை திரும்பினால் அதற்கொரு கட்டணம். குறைந்தபட்ச இருப்பு வைக்காதவரிடம் அபராதம் பிடிக்கும் வழக்கத்தை ஸ்டேட் வங்கி 2020இல்தான் கைவிட்டது. பணம் இல்லை என்பதற்காகவே, இருந்த கொஞ்சத்திலிருந்தும் எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது. தவணை நாளை வங்கி தன் வசதிக்கு ஐந்தாம் தேதி என்று வைக்காமல், கடன் வாங்குபவருக்குக் கூலி கைக்கு வரும் நாளை ஒட்டி வாரத் தவணையாகவோ அறுவடைத் தவணையாகவோ வைக்கத் தடை எதுவும் இல்லை. தண்டல்காரர் அதைத்தான் செய்கிறார். அந்த வசதிக்காகவே அவருடைய கொள்ளை வட்டியையும் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.