திருட்டுச் சாமந்தி!

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு திருடன்.

பெரிய திருட்டெல்லாம் இல்லை. மூன்று அங்குல நீளத்துக்கு ஒரு கிளை. எழுதிக் கொடுத்த கட்டுரைக்கு 'செக் ரெடியா?' என்று கேட்க ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். (என் மாதிரி ஃப்ரீலான்ஸ் ஆசாமிகளுக்கு எழுதுவது பாதி வேலை, எழுதியதற்குக் காசு வாங்குவது மீதி முக்கால் வேலை. பி.காம். படித்தவன் சொல்கிறேன், கணக்கு சரியாகத்தான் இருக்கும்!)

"அக்கவுன்ட்ஸ்ல கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்று உள்ளே போன ரிசப்ஷன் பெண், முக்கால் மணி நேரமாகியும் திரும்பவில்லை. மேஜை மேல் ஒரு சின்னத் தொட்டி. அதில் இளஞ்சிவப்புச் சாமந்தி. ஒரு ஜாண் உயரம்தான். ஆனால், குடை விரித்த மாதிரி உருண்டையாக, இலையே தெரியாமல் பூ! நம் வீட்டு வாசலில் அம்மா வளர்த்த சாமந்தி இடுப்பு உயரம் வளர்ந்து, காற்றடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் சாயும். இது மட்டும் எப்படி இவ்வளவு அடக்க ஒடுக்கமாக?

கை சும்மா இருக்குமா... அடியில் பூ இல்லாமல் நின்ற ஒரு இளங்கிளையை ஒடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"செக் வந்துதா?" என்றாள் என் மனைவி.

"செக் வரலை. இது வந்தது."

தயிர் டப்பாவில் மண் நிரப்பி நட்டேன். இரண்டே வாரத்தில் வேர் பிடித்தது. பிறகு வளர்ந்தது... வளர்ந்தது... வளர்ந்துகொண்டே இருந்தது. நாலு மாதத்தில் என் இடுப்பைத் தொட்டது. குச்சி வைத்துக் கட்டினேன். பூ? ம்ஹூம். ஒரு மொட்டுகூட இல்லை.

"என்ன சார், வெண்டைக்காயா?" என்றார் எதிர் ஃபிளாட்காரர்.

இந்த அவமானத்தோடுதான் ஆவணி மாதம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு ஓசூர் போனேன். என் பெரியப்பா பையன் அந்தப் பக்கம் ஒரு பூப்பண்ணையில் சூப்பர்வைசர். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், "வாடா, பண்ணையைப் பார்த்துட்டு வரலாம்" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார்.

பத்து மணி இருக்கும். கும்மிருட்டு. திடீரென்று ஒரு பாலிஹவுஸ் முழுக்கக் குப்பென்று விளக்கு எரிந்தது, கல்யாண மண்டபம் மாதிரி! உள்ளே எட்டிப் பார்த்தால் வரிசை வரிசையாகச் சாமந்தி.

"என்னண்ணே, செடிக்கு ராத்திரி ஷிஃப்ட்டா?"

"ஆமாடா. தூங்கவிட்டா உடனே மொட்டு வெச்சுடும். இன்னும் கொஞ்ச நாள் வளரட்டும்னுதான் எழுப்பி உட்கார வெச்சிருக்கோம்."

எனக்கு எங்கேயோ மணி அடித்தது. என் பால்கனிக்கு மூன்றடி தூரத்தில் ஒரு எல்.ஈ.டி. தெருவிளக்கு. அந்த வெளிச்சத்தில் நான் பேப்பரே படிப்பேன். கரன்ட் பில் மிச்சம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன்!

இருட்டை எண்ணும் செடி

விஷயம் இதுதான். 1920-ல் அமெரிக்க விவசாயத் துறையின் கார்னர், அலார்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள், புகையிலைச் செடியை வைத்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சில செடிகள் பூக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது பகலின் நீளம். பகல் குறுகினால் பூக்கிற அந்தக் கோஷ்டியில் சாமந்தியும் உண்டு. 1938-ல் ஹாம்னர், பானர் என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். செடி நிஜமாக அளப்பது பகலை அல்ல, ராத்திரியை! நடுராத்திரியில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டால் போதும், 'அடடா, விடிந்துவிட்டது' என்று கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

சாமந்திக்குச் சுமாராகப் பகல் பதிமூன்றரை மணி நேரத்துக்குக் கீழே இருக்க வேண்டும் (ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறும்). நம் ஊரில் ஜூன் மாதம்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாது. அதனால் இங்கே குழந்தைச் செடியே மொட்டு வைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் ராத்திரி விளக்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடைக் காலத்தில் இதற்கு நேர் எதிர். பகல் நீண்டுகொண்டே போகும். சாயந்திரமே கறுப்புத் துணியை இழுத்து மூடிச் செடிக்குப் பொய் ராத்திரி காட்டுவார்கள். இப்படி வருஷம் 365 நாளும் தொட்டியில் பூ.

"சரிண்ணே, உயரம்? ஆபீஸ்ல ஒரு ஜாண்தானே இருந்தது?"

அண்ணன் சிரித்தார். "அங்கே நீ பார்த்தது ஒரு செடின்னு நினைச்சியா? ஒரு தொட்டிக்கு நாலைஞ்சு கட்டிங் வெப்பாங்க. கூட்டுக் குடும்பம்! நுனியைக் கிள்ளிவிட்டா ஒவ்வொண்ணும் மூணு நாலு கிளை விடும். அப்புறம் டாமினோசைடுன்னு ஒரு மருந்து. அதை அடிச்சா கணுவுக்குக் கணு இடைவெளி குறைஞ்சு செடி குள்ளமாகும். உன் வீட்டுல மருந்தும் இல்லே, கிள்ளலும் இல்லே, இருட்டும் இல்லே. வெண்டைக்காயாத்தான் நிக்கும்."

கிள்ள ஆள் கூலி, கட்டக் குச்சி, அடிக்க மருந்து. காமர்ஸ் மூளை உடனே கூட்டிப் பார்த்தது. செலவு இடிக்கிறதே! இந்த வேலையையெல்லாம் செடி தானாகவே செய்துகொண்டால்?

அதற்குத்தான் புது ரகம் உருவாக்குகிறார்கள்.

கத்தரிக்கோல் கல்யாணம்

சாமந்திக்குக் கல்யாணம் பண்ணி வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நாம் ஒரு பூ என்று நினைப்பது நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டம். ஓரத்தில் நீளமாக இருக்கும் 'இதழ்' ஒவ்வொன்றும் ஒரு பெண் பூ. நடுவில் மஞ்சள் பொட்டாக இருப்பவை ஆணும் பெண்ணும் சேர்ந்தவை. மகரந்தம் அங்கேதான் இருக்கிறது.

தாய்ப் பூவின் இதழ்களைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினால் சூல்முடி வெளியே தெரியும். வேறு ரகத்திலிருந்து மகரந்தத்தை எடுத்து அதில் தடவி, பூச்சி வராமல் மூடி வைக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. நமக்குப் பிடிப்பது இதழ் அடர்ந்த பூ. அடுக்கு கூடக் கூட நடுப்பொட்டு குறையும், மகரந்தமும் குறையும். அழகு கூடினால் வாரிசு குறையும்!

ஜாதகப் பொருத்தம் அதைவிடச் சிக்கல். நமக்கெல்லாம் குரோமோசோம் இரண்டு செட். சாமந்திக்கு ஆறு செட், மொத்தம் 54 வாக்கில். போதாக்குறைக்கு, தன் மகரந்தத்தையே பெரும்பாலும் ஏற்காது. ஆகவே, இரண்டு அருமையான குள்ளச் சாமந்தியைச் சேர்த்தாலும் பிறக்கிற குழந்தைகளில் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. நெட்டை, குட்டை, சோனி, அழுமூஞ்சி எல்லாம் வரும்.

அப்புறம்தான் இன்டர்வியூ. ஆயிரக்கணக்கில் நாற்றுகள் வரிசையில் நிற்கும். போஸ்ட் ஒன்றோ இரண்டோ. கேள்விகளைக் கேளுங்கள்:

கிள்ளாமலே கிளை விடுவாயா? குச்சி இல்லாமல் நிற்பாயா? எல்லாப் பூவையும் ஒரே வாரத்தில் விரிப்பாயா? இருட்டு கொடுத்த நாளிலிருந்து எத்தனை வாரம்? (15 வாரம் எடுக்கும் ரகமும் உண்டு. தொட்டி ரகம் எட்டு முதல் பத்துக்குள் முடித்தாக வேண்டும். ஒரு வாரம் கூடினால் அந்த இடத்துக்கு ஒரு வார வாடகை நஷ்டம்!) இலைக்கடியில் வெள்ளைக் கொப்புளமாக வரும் துரு நோயைத் தாங்குவாயா? லாரியில் குலுங்கிப் போய், ஏ.சி. அறையில் மூலையில் வைத்தாலும் இரண்டு மூன்று வாரம் முகம் வாடாமல் இருப்பாயா?

இதில் ஒன்றில் கோட்டை விட்டாலும் உரக்குழிதான். பாஸானவையும் கட்டிங் எடுத்து வளர்த்து, கோடையில் ஒரு தடவை, குளிரில் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பப் பரீட்சை எழுத வேண்டும். இப்படியே நாலைந்து வருஷம் ஓடிவிடும் என்றார் அண்ணன். யு.பி.எஸ்.ஸி. எவ்வளவோ தேவலை.

லக்னோவின் சமர்த்துப் பிள்ளைகள்

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பேர்போன இடம் உண்டு. லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம். தேசியத் தாவரவியல் பூங்காவாக இருந்து 1978-ல் இந்தப் பெயருக்கு மாறியது. 'கிள்ளவும் வேண்டாம், குச்சியும் வேண்டாம்' என்றே ஒரு குள்ளச் சாமந்தி வரிசையை அங்கே உருவாக்கினார்கள். தானே கிளைத்து, தானே உருண்டையாகி, தானே நிற்கும் சமர்த்துப் பிள்ளைகள்! நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.1, கோ.2 ரகங்கள் உதிரிப் பூவுக்கு, அதாவது மாலைக்கு. லக்னோ குள்ளர்கள் தொட்டிக்கு.

அங்கே இன்னொரு வித்தையும் செய்தார்கள். சாமந்தியில் சில சமயம் ஒரு கிளை மட்டும் திடீரென்று வேறு நிறத்தில் பூக்கும். அந்தக் கிளையைக் கட்டிங் எடுத்தால் புது ரகம் ரெடி. இந்த அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருக்காமல், வேர்விட்ட கட்டிங்குகள் மேல் கோபால்ட்-60 தரும் காமா கதிரைப் பாய்ச்சினார்கள். நிறம் மாறிய பிள்ளைகள் கிடைத்தன. இளஞ்சிவப்புச் செடியிடமிருந்து விதவிதமான நிறம் வரும். மஞ்சள் அழுத்தக்காரன், சுலபத்தில் மாறாது. சில பூவில் நாலைந்து இதழ் மட்டும் மாறியிருக்கும். கட்டிங் எடுக்கக் கிளையே இல்லை. அதற்கும் வழி உண்டு. அந்த இதழையே சோதனைக் குழாயில் வளர்த்து முழுச் செடியாக்குவது.

இதனால் என்ன லாபம்? உயரம், வாரக் கணக்கு, குணம் எல்லாம் அம்மா மாதிரி. நிறம் மட்டும் வேறு. ஒரு நல்ல ரகத்திலிருந்து ஒரு குடும்பமே கிடைக்கும். ஒரே குடிலில், ஒரே வைத்தியத்தில் ஐந்து கலர்!

எந்தக் கல்யாணத்தாலும் வராமல் அடம்பிடித்த நிறம் நீலம். அதையும் 2017-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு பூக்களிலிருந்து மரபணு கடன் வாங்கினார்கள். ஒன்று, காம்பனுலா என்ற மணிப்பூ. மற்றது? நம் வேலியில் கேட்பாரற்றுக் கிடக்கும் சங்குப்பூ!

யாருடைய செக்?

இவ்வளவும் கேட்டபிறகு பெருமூச்சு விட்டேன். "ஏண்ணே, இத்தனை வருஷம் செலவு பண்ணி ஒரு செடி. யார் வேணும்னாலும் ஒரு கிளையை ஒடிச்சா முழு ரகமும் கைக்கு வந்துடுமே?"

"வந்துடும். அதனாலதான் அமெரிக்காவுல 1930-லேயே செடிக்குப் பேட்டன்ட் கொண்டுவந்தாங்க. நம்ம ஊர்லயும் 2001-ல சட்டம் வந்தது. பதிவு பண்ணின பூ ரகத்துக்குப் பதினைஞ்சு வருஷம் வரைக்கும் உரிமை. அதே சட்டம் விவசாயி விதை எடுத்து வெக்கற உரிமையையும் விட்டுக் கொடுக்கலே. உன் பால்கனிக்கெல்லாம் யாரும் போலீஸ் அனுப்ப மாட்டாங்க, பயப்படாதே."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"ஆனா ஒண்ணுடா. மூணு மாசமா செக் வரலேன்னு காலையிலேர்ந்து புலம்பறே. அதை உருவாக்கினவனோட செக் உன் சட்டைப் பையில இருந்திருக்கு."

என்னிடம் பதில் இல்லை. என் கட்டுரையை எவனோ பெயரை வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டபோது, 'உழைப்புத் திருட்டு' என்று ஊரையே இரண்டாக்கியவன் நான். ஸ்கூட்டரில் திரும்பும்போது பாலிஹவுஸ் விளக்கைத் திரும்பிப் பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது.

சென்னை வந்ததும் வெண்டைக்காயை வெட்டி, நாலு நுனிகளை ஒரே தொட்டியில் நட்டேன். வேர் பிடித்ததும் கிள்ளிவிட்டேன். மூன்று வாரம் தெருவிளக்கடியில் ராத்திரி ஷிஃப்ட், இலவசமாக! பிறகு வாஷிங்மெஷின் வந்த அட்டைப் பெட்டி. தினம் சாயந்திரம் ஆறு மணிக்குக் கவிழ்த்து, காலை எட்டுக்கு எடுப்பேன்.

"செடிக்குக்கூட வீடு கட்டிட்டீங்க. நமக்கு எப்போ?" என்றாள் மனைவி.

மார்கழி கடைசியில் பூத்தது. மருந்து அடிக்காததால் ஒரு ஜாண் இல்லை, முழங்கால் உயரம். குடை மாதிரியும் இல்லை. காற்றில் மடங்கின குடை மாதிரி. ஆனால், பன்னிரண்டு பூ. எண்ணிப் பார்த்தேன்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே போனேன். மேஜை காலி.

"அந்தப் பூத்தொட்டி எங்கேம்மா?"

"அதுவா சார்? பூ வாடினதும் அப்பவே குப்பையில போட்டாச்சு."

உருவாக்க வருஷக் கணக்கு, வளர்க்க மூன்று மாதம், மேஜையில் மூன்று வாரம், அப்புறம் குப்பை. இந்தக் கணக்கை எந்த லெட்ஜரில் எழுதுவது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் தொட்டியை அதே இடத்தில் வைத்தேன். "உங்க பூதாம்மா. திருப்பிக் கொடுக்க வந்தேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள்.

செக்கா? அடுத்த வாரம் என்றார்கள்.