கழற்றிய என்ஜினுக்கும் கால்கள் வேண்டும்!

மோட்டார் சைக்கிள் என்ஜினைக் கழற்றுவது எப்படி என்று விளக்கும் காணொலிகளுக்கு இன்று பஞ்சமில்லை. எந்த போல்ட்டை முதலில் தளர்த்துவது, எந்த வயரை எங்கே பிரிப்பது என்றெல்லாம் அவை நுணுக்கமாகக் கற்றுத் தருகின்றன. ஆனால், கழற்றிய என்ஜினை எதன்மீது நிறுத்துவது என்ற கேள்விக்கு அவற்றில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. செங்கல்லோ பழைய டயரோ கையில் கிடைத்ததை முட்டுக்கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவோரைப் பல வீட்டு முற்றங்களில் நான் கண்டிருக்கிறேன். விரல் நசுங்குவதும் விலையுயர்ந்த பாகம் உடைவதும் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

வாகனத்தின் சட்டகத்தில் பொருத்தப்படுவதற்காக வடிவமைக்கப்பட்டதே என்ஜின். தரையில் தனியே நிற்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. எனவே, அதன் அடிப்பகுதி சமதளமாக இருப்பதில்லை. எண்ணெய் வடிக்கும் திருகு அங்கே துருத்திக்கொண்டிருக்கும். பக்கவாட்டு மூடிகள் ஒருபுறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் புடைத்திருக்கும். எடையும் சரிநடுவில் இராது.

நம் ஊருக்கு நன்கு அறிமுகமான பழைய புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதன் திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் உருவான 346 சிசி என்ஜினின் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. சட்டகத்தின் முன்குழாய் என்ஜினின் முன்பக்கத்தோடு முடிந்துவிடும். அதற்கும் பின்பகுதிக்கும் இடையிலான வெளியை இணைக்கும் உறுப்பு என்ஜினேதான். ஆகவே, இந்த வண்டியில் என்ஜினை எடுக்கும்போது என்ஜின், சட்டகம் இரண்டுமே துணையை இழக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனியே முட்டுக்கொடுத்தாக வேண்டும்.

நல்ல ஆயத்தம், என்ஜினைக் கழற்றுவதற்கு முன்பே தொடங்குகிறது. முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்து, பெட்ரோல் டேங்கை அகற்றி வேறிடத்தில் வைக்க வேண்டும். எண்ணெயை முழுவதுமாக வடித்துவிட வேண்டும். அடுத்து, மிக இறுக்கமான நட்டுகளை என்ஜின் வண்டியில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். ஸ்பிராக்கெட் நட்டு, கிளட்ச்சின் மைய நட்டு போன்றவற்றை கியரில் போட்டு, பின்பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ள, மற்றவர் தளர்த்தலாம். வண்டியைவிடச் சிறந்த தாங்கி வேறில்லை!

இதன் பின்னணியில் எளிய இயற்பியல் இருக்கிறது. ஸ்பேனரின் நீளத்தை இருமடங்காக்கினால், அதே விசையில் திருகுவிசையும் இருமடங்காகிறது. நட்டு அசையாவிட்டால் அந்த விசை முழுவதும் என்ஜினையே திருப்பப் பார்க்கும். ஆணியடிக்காத மேசையில் கிடக்கும் என்ஜின் அப்போது சுழன்று, விளிம்புக்கு வந்து, காலில் விழும். தாங்கி என்பது எடையைச் சுமப்பதோடு இந்தத் திருப்பத்தையும் எதிர்த்து நிற்க வேண்டும்.

செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் இதற்கு ஏற்றவையல்ல. எடை ஒரு முனையில் குவிந்தால் அவை முன்னறிவிப்பின்றி உடையும். ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கும் இறக்குவதற்கும் மட்டுமே உரியது. எண்ணெய் கசிந்தால் அது மெல்லத் தாழ்ந்துவிடும். பழைய டயர், என்ஜினைச் சிறிது நேரம் கீறல் படாமல் கிடத்தி வைக்க உதவும். இறுக்கவோ தளர்த்தவோ உதவாது. குளிர்ச்சிக்காகச் சிலிண்டரைச் சுற்றி அமைந்த மெல்லிய தகடுகளின் மேல் எடை விழவே கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, ஒடிந்துவிடும்.

அப்படியானால் சரியான தாங்கி எது? சட்டகம் என்ஜினை எந்தத் துளைகளில் பிடித்திருந்ததோ, அதே துளைகளில் பிடிப்பதுதான் சரியான தாங்கி. எல் ஆங்கிள் இரும்பிலோ சதுரக் குழாயிலோ செவ்வக அடித்தளம் ஒன்று. அதிலிருந்து எழும் நான்கு கால்கள். கால்களின் முனையில் துளையிட்ட தகடுகள். வண்டியின் போல்ட்டுகளையே அவற்றில் செருகி இறுக்கலாம். அடித்தளம் என்ஜினைவிட அகலமாக இருக்க வேண்டும். கால்களுக்குக் குறுக்குச் சட்டம் தேவை. எண்ணெய்த் திருகு எதையும் தொடாமல் தொங்க வேண்டும். அடித்தளத்தை மேசையோடும் மேசையைச் சுவரோடும் பிணைத்துவிட்டால் திருகுவிசைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. தெருமுனை வெல்டிங் பட்டறையில் அரைநாளில் முடியும் வேலை இது. இரும்புக்கு வழியில்லாதோர், என்ஜின் அடிப்பகுதியின் வடிவத்துக்கேற்ப வெட்டிய தடித்த மரக்கட்டைகளைப் பெட்டிபோல் பூட்டிக்கொள்ளலாம்.

தூக்குவதற்கு எப்போதும் இருவர் வேண்டும். வைக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே காலி செய்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். சிலிண்டரை உருவியதும் பிஸ்டன் சாய்ந்து கிராங்க் கேஸின் விளிம்பில் மோதும். அதன் அடியில் இரு மரச்சட்டங்களைக் கொடுத்து, வாயைச் சுத்தமான துணியால் மூட வேண்டும். மாலையில் வேலையை நிறுத்தும்போது என்ஜினைத் தாங்கியிலேயே பூட்டி வைக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் தனி இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் இடம்பெற்றிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், உதிரிபாகமும் கையேடும் கிடைப்பதோடு அந்த உரிமை நிறைவடைந்துவிடாது. ஒவ்வொரு என்ஜினின் பொருத்துத் துளைகளின் அளவையும் அதற்கான தாங்கியின் வரைபடத்தையும் நிறுவனங்கள் வெளியிட வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டிங் பயிலும் மாணவர்களுக்கு இத்தகைய தாங்கியைச் செய்வதையே ஒரு பயிற்சியாக அளிக்கலாம். சாலையோரப் பட்டறைகளில் வெறும் தரையில் குனிந்து வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு அவற்றைக் குறைந்த விலையில் வழங்கலாம்.

கழற்றத் தெரிவது திறமை. கழற்றியதைப் பத்திரமாக நிறுத்தத் தெரிவதே அந்தத் திறமைக்குப் பாதுகாப்பு. முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைப்பதற்கு முன், தாங்கி தயாராக இருக்கட்டும்.