குரலுக்குப் பணியும் இசைக்கருவியும் தமிழ் ஒலிகளும்

இல்லத்தில் இசை கேட்கும் முறை தலைமுறைதோறும் மாறி வந்துள்ளது. 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, நிலையத்தார் எதை ஒலிபரப்பினார்களோ அதையே கேட்க முடிந்தது. இசைத்தட்டும் ஒலிநாடாவும் விரும்பிய பாடலைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தந்தன. ஆயினும் கை உழைக்க வேண்டியிருந்தது. இன்றோ மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் இல்லங்கள் பலவற்றில் ஒரு சிறு ஒலிபெருக்கி அமர்ந்திருக்கிறது. வாய்ச்சொல்லால் ஏவினால் பாடுகிறது; போதும் என்றால் ஓய்கிறது. இக்கருவி நம் சொல்லை எவ்வாறு கேட்கிறது, தமிழைக் கேட்பதில் அதற்குள்ள இடர்கள் யாவை, அவற்றைக் களைவதில் தமிழ் பயில்வோரின் பங்கு யாது என்பவற்றை இங்குக் காண்போம்.

கருவி கேட்கும் முறை

'அலெக்சா' என்றோ 'ஓகே கூகுள்' என்றோ விளித்தபின்னரே கருவி நம் ஆணைக்குச் செவிசாய்க்கிறது. இதனை விழிப்புச் சொல் எனலாம். அடுத்து நாம் பேசுவது பெரும்பாலும் இணையம் வழியே தொலைவிலுள்ள பெருங்கணினிகளைச் சென்றடைகிறது. அங்கு நம் குரல் நொடிக்கு 16,000 அளவீடுகளைக் கொண்ட எண்வரிசையாக ஆராயப்படுகிறது. எவ்வெவ்வொலிகள் அடுத்தடுத்து வந்தன, அவை எச்சொற்களாக இருக்கக்கூடும் என்று கணினி கணிக்கிறது. பின்னர்ப் பேசியவர் வேண்டியது பாடலையா, பாடகரையா, ஓசையைக் குறைப்பதையா என்று பொருள் காண்கிறது. கருவி தான் எழுப்பும் பாட்டொலியையே, தான் கேட்கும் ஒலியிலிருந்து கழித்துவிடுகிறது. பாட்டு உரக்க ஒலிக்கையிலும் நம் குரல் அதற்கு எட்டுவது இதனாலேயே.

கிண்டியும் அடையாறும்

இத்துறையின் வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. 1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான 'ஆட்ரி' என்னும் பொறி எண்களின் பெயர்களை மட்டுமே அறிந்தது. தொடர்ச்சியாகப் பேசும் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்க முனைந்த முன்னோடிகளுள் ஒருவர் ராஜ் ரெட்டி. அவர் 1958-இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவரது குழு உருவாக்கிய 'ஹியர்சே' அமைப்பு இத்துறையில் ஒரு திருப்புமுனை. கணினித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருது 1994-இல் அவருக்குக் கிட்டியது.

அடையாற்றை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு இந்திய மொழிகளின் பேச்சொலியையும் கருநாடக இசையையும் கணினி கொண்டு ஆராய்ந்துள்ளது. அங்குள்ள ஏஐ4பாரத் ஆய்வு மையம் தமிழ் உள்ளிட்ட 22 இந்திய மொழிகளின் பேச்சுப் பதிவுகளைத் திரட்டியுள்ளது.

தமிழ் கேட்பதிலுள்ள இடர்கள்

எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டாகப் பிறப்பியலில் வகுத்தவர் தொல்காப்பியர். அந்த நுட்பம் கருவிக்கும் வேண்டும். கடல், அகம், தங்கம் ஆகிய மூன்றிலும் ககர எழுத்து ஒன்றே, ஒலியோ மூன்று. மாறாக, ல, ள, ழ ஆகியவை எழுத்தில் மூன்று. பலர் நாவில் அவை இரண்டாகவோ ஒன்றாகவோ குறைந்துவிடுகின்றன.

எழுத்து வழக்கிற்கும் பேச்சு வழக்கிற்கும் உள்ள இடைவெளி மற்றோர் இடர். நூலில் 'நிறுத்து' என்போம். வீட்டில் 'நிப்பாட்டு' என்போம். மயிலாப்பூர் மாடவீதிப் பேச்சு ஒருவகை. தியாகராய நகர் ரங்கநாதன் தெருக் கடைகளில் கேட்கும் நெல்லைத் தமிழ் ஒருவகை. அடையாறு கடலோரத்து ஊரூர்க் குப்பத்தின் பேச்சு பிறிதொருவகை. சில கல் தொலைவிற்குள் இத்தனை தமிழ்! செய்தி வாசிப்போரின் தமிழை மட்டும் கற்ற கருவி இவ்வீடுகளில் தடுமாறும்.

பாடலின் பெயரும் எளிதன்று. நம் திரைப்பாடல்கள் பலவற்றிற்குத் தனித் தலைப்பில்லை, முதலடியே பெயர். நாமோ 'படகோட்டியில் டி.எம்.எஸ். பாடியது' என்கிறோம். 'கல்யாணி' என்றால் இராகமா, பாடகியா என்று கருவி மயங்கும். இணைய இசைத் தொகுப்புகளில் பாடல்களின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருப்பதால் மயக்கம் மிகுகிறது. நாகூர் இ.எம். ஹனிபாவின் பெயரே ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படுகிறது. அவர் பாடல்களில் விரவிவரும் அரபுச் சொற்களைத் தமிழர் ஒலிக்கும் முறையும் தனி. இவற்றையெல்லாம் கற்பித்தாலன்றிக் கருவி அறியாது.

யாருக்கு இழப்பு?

இது பொழுதுபோக்குச் செய்திதானே என்று சிலர் கருதலாம். பார்வை மங்கிய முதியவருக்கும், விரல்கள் நடுங்கும் மூதாட்டிக்கும், எழுத்தறியாதோருக்கும் கைப்பேசியின் சிறு திரை பயன்படுவதில்லை. அவர்கள் பிறர் துணையின்றி ஒரு பாடலைக் கேட்கக் குரலே வழி. ஆனால் 2017-இல் இந்தியாவிற்கு வந்த அமேசான் எக்கோ ஆங்கிலம் அறிந்தே வந்தது. 2019-இல் இந்தியும் கற்றது. யாருக்கு மிகவும் வேண்டுமோ அவர்களே பேரக்குழந்தையை அழைத்து ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல வேண்டியிருப்பின், அது என்ன வசதி? தமிழ் கற்கக் கருவிக்கு இயலாது என்பதன்று. 2017-இலேயே கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழை ஏற்றுக்கொண்டது. பதிவுகளும் முயற்சியும் பெருகினால் எஞ்சியதும் கைகூடும்.

நம் கடமை

கருவிக்குத் தமிழ் கற்பிப்பது பொறியாளர் பணி மட்டுமன்று. எச்சொல் எவ்வட்டாரத்தில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை அறிந்தவர் தமிழ் பயில்வோரே. மொசில்லா நிறுவனத்தின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் எவரும் தமிழ்த் தொடர்களைப் படித்துத் தம் குரலை வழங்கலாம்; பிறர் பதிவுகள் சரியா என்று தேர்ந்தும் சொல்லலாம். மாணவர்கள் தத்தம் ஊரின் ஏவற்சொற்களையும், பாடல்களைக் குறிக்கும் வழக்குகளையும் தொகுக்கலாம். முதியோரின் குரலையும் அவர்தம் இசைவு பெற்றுப் பதியலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இல்லத்தில் எப்போதும் விழிப்புச் சொல்லுக்குக் காத்திருக்கும் கருவி அது. அதன் ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தானையும், சேமித்த குரற்பதிவுகளை அழிக்கும் முறையையும் இளையோர் அறிந்து பெரியோர்க்குக் காட்டுதல் வேண்டும்.

ஓலையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் தமிழைக் கொண்டு சேர்த்தவர்கள் அதற்கென உழைத்த தமிழறிந்தோரே. இனிக் கருவியின் செவிக்கும் அதனைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு நம்முடையது. நம் பாட்டியர் தம் சொந்தத் தமிழில் ஒரு பாட்டைக் கேட்டுப் பெறும் நிலையை உருவாக்க நாம் முன்வருவோமாக.