நிழற்படமும் கணினிச் சட்டமும்

திருமலைக்குச் சென்று மீளும் குடும்பத்தார் பிரசாதத்தோடும் பெருமாள் படத்தோடும் ஊர் திரும்புவது வழக்கம். அவற்றோடு, அனைவரும் கூடி எடுத்துக்கொண்ட நிழற்படம் ஒன்றும் பல இல்லங்களை வந்தடைகின்றது. முடியிறக்கிய குழந்தை சந்தனம் பூசிய தலையுடன் நடுவில் நிற்க, பெற்றோரும் பாட்டனும் பாட்டியும் சூழ நிற்கும் அப்படத்தைச் சித்தூர் வட்டாரத்து வீடுகளில் முன்னர்க் கண்ணாடியிட்டுச் சுவரில் மாட்டினர். இன்றோ அது கைப்பேசியில் தோன்றிக் கணினியிலேயே பூவேலைச் சட்டமும் பெற்றுவிடுகின்றது. அச்சட்டத்தை எங்ஙனம் அமைப்பது, அமைக்குங்கால் எதனை இழத்தலாகாது என்னும் இரண்டையும் நாம் இங்கே ஆராய்வோம்.

முதற்கண் மரச்சட்டத்தைப் பார்ப்போம். அதன் பணிகள் இரண்டு. ஒன்று, படத்தைத் தூசியினின்றும் கைபடுதலினின்றும் காப்பது. மற்றொன்று, காண்போர் கண்ணைப் படத்தின்பால் நிறுத்துவது. ஆனால் மரச்சட்டத்தின் உட்புறத்தில் ஒரு பள்ளம் உண்டு. படம் அதில் பொருந்தும்போது நான்கு ஓரங்களிலும் சிறிதளவு மறைந்துவிடும். இதனை அறிந்த தொழிலாளி படத்தைச் சுற்றி ஓர் அட்டையை வைத்து, அதன்மேல் சட்டம் படியுமாறு செய்வார். சட்டம் அட்டையைத் தின்னலாம், படத்தைத் தின்னலாகாது. கணினிக்கும் இதுவே விதி.

படத்தைத் திருத்தும் மென்பொருள்களுள் பெயர் பெற்ற போட்டோஷாப் 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொடக்கத்தில், ஒரு படத்தின்மீது வேறொன்றை ஒட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பின்னர்ப் பிரிக்க இயலாது. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் ‘லேயர்’ எனப்படும் அடுக்கு முறை அதில் இடம்பெற்றது. தெளிந்த கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை வரைவது போன்றதே இது. கீழ்த் தகட்டில் நிழற்படம். மேல் தகட்டில் சட்டம். மேலதை எடுத்துவிட்டால் கீழது பழுதின்றி இருக்கும். விலையின்றிக் கிடைக்கும் ‘கிம்ப்’ என்னும் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு.

மேல் தகட்டில் வைக்கும் சட்டத்தின் நடுப்பகுதி வெறுமையாக இருத்தல் வேண்டும். அவ்வெறுமையைக் காக்கும் ஆற்றல் பி.என்.ஜி. வகைக் கோப்பிற்கு உண்டு. நாம் அன்றாடம் வழங்கும் ஜேபெக் வகைக்கு இல்லை. ஆதலின் சட்டத்தை ஜேபெக் கோப்பாகப் பெற்றால் நடுவில் வெள்ளைத் திரையொன்று நின்று முகங்களை மறைத்துவிடும். பலர் திகைத்து நிற்கும் இடம் இதுவே.

இனி, அமைக்கும் முறையைக் காண்போம். முதலில் மூலப்படத்தைப் படியெடுத்துக்கொண்டு, அப்படியிலேயே வேலையைத் தொடங்குக. நல்ல அச்சிற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது வழக்கமான கணக்கு. 7 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உள்ள தாளுக்கு 2100 புள்ளிகளும் 1500 புள்ளிகளும் வேண்டும். கைப்பேசிப் படங்களுள் பல நான்கிற்கு மூன்று என்னும் விகிதத்தில் அமைந்தவை. அத்தகைய படத்தை 1600-க்கு 1200 என அளவு செய்து, படப்பரப்பை 2100-க்கு 1500 என விரித்து, படத்தை நடுவில் நிறுத்துக. இடவலப் பக்கங்களில் 250 புள்ளிகளும், மேலும் கீழும் 150 புள்ளிகளும் எஞ்சும். அவ்வெற்றிடமே சட்டத்திற்குரிய நிலம். அங்கே கொடியும் பூவும் பொன்வண்ணமும் விருப்பம்போல் அமையலாம். அளவை மாற்றுங்கால் நீள அகல விகிதம் மாறாதபடி பூட்டிவைத்தல் வேண்டும். இல்லையேல் முகங்கள் பருத்தோ நீண்டோ தோன்றும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் அலங்காரச் சட்டங்கள் பலவற்றில் மூலைக்கு மூலை பூங்கொத்து உள்நோக்கிப் படர்ந்திருக்கும். அதனைப் படத்தின்மேல் அப்படியே வைத்தால் மறைவது யாது? குழுப்படத்தில் குழந்தை நடுவில் நிற்பதும், முதியோர் ஓரத்திற்கு ஒதுங்கி நிற்பதும் நம் வழக்கம். பூங்கொத்து மறைப்பது பெரும்பாலும் பாட்டியின் தோளையோ பாட்டனின் முகத்தையோதான். அவர் மறைந்தபின், அவருடைய உருவம் அந்த ஒரு படத்தில் மட்டுமே எஞ்சியிருந்தால், அப்பூங்கொத்தின் விலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். பழைய படங்களின் அட்டை விளிம்பில் நிழற்பட நிலையத்தின் பெயரும் ஊரும் அச்சாகியிருப்பதுண்டு. அவற்றைக் கணினியில் ஏற்றும்போது அவ்விளிம்பையும் சேர்த்தே ஏற்றுதல் நன்று.

சட்டத்தின் அடியில் ஊரும் ஆண்டும் பொறிப்பது சிறந்த பழக்கம். ஆனால் இப்பகுதியில் அதற்கும் கருத்து வேண்டும். திருப்பதி 1911க்கு முன் வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டில் சித்தூர் மாவட்டம் தோன்றியது. 1953இல் அது ஆந்திர மாநிலத்திலும், 1956இல் ஆந்திரப் பிரதேசத்திலும் அமைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எனவே 1970இல் திருப்பதியில் எடுத்த படத்தின் கீழ் ‘திருப்பதி மாவட்டம்’ என்று எழுதுதல் பிழை. ‘சித்தூர் மாவட்டம்’ என்பதே அக்காலத்திற்கு ஒக்கும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் குடும்பமாயின் இரு எழுத்துகளிலும் பொறித்துவைக்கலாம். பேரக் குழந்தைகளுள் எவர் எதைப் படிப்பார் என்று யார் அறிவார்?

முடிவில், கோப்புகள் மூன்று நம்மிடம் இருத்தல் வேண்டும். முதலாவது, எவரும் தொடாத மூலப்படம். இரண்டாவது, அடுக்குகள் பிரிந்தே நிற்கும் வேலைக் கோப்பு. மூன்றாவது, அச்சிடுவதற்கும் அனுப்புவதற்கும் உரிய ஜேபெக் படி. ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் அதன் நுட்பம் சிறிது சிறிதாகக் குறையும். ஆதலின் திருத்தம் தேவைப்படும்போதெல்லாம் வேலைக் கோப்பிற்கே திரும்புக.

சட்டத்தின் பாணி ஆண்டுக்காண்டு மாறும். இன்று அழகெனத் தோன்றும் பூவேலை நாளை சலிக்கும். அப்போது அதனைக் கழற்றி வேறொன்றை அணிவிக்கலாம். உள்ளே நிற்பவர்களை மட்டும் மீண்டும் ஒருமுறை அவ்வண்ணம் கூட்டி நிறுத்த நம்மால் ஆகாது.